பச்சை வெல்வெட்

விடிவதற்கு முன்பே ஊத ஆரம்பித்துவிடுவோம். ஒரு கையில் கம்ப்ரசரின் காற்றுக்குழாய். இன்னொரு கையால் தலைத்துணியை மூக்கோடு சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டு, எந்திரத்தின் மேலும் கீழும் இடுக்கிலும் அடைந்து கிடக்கும் நூல்பொடியை ஊதித் தள்ள வேண்டும். ஊதினால் பொடி எங்கே போகும்? சன்னல்களையெல்லாம் திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறார்கள். விளக்கு வெளிச்சத்தில் மேகமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எங்கள் தலையிலும் இமையிலும் கழுத்து மடிப்பிலும் இறங்கும். மிச்சம் உள்ளே போகும். எங்கள் ஆலையில் இதற்குப் பெயர் சுத்தம் செய்வது.

இங்கே வெல்வெட்டை நெய்வதில்லை. நெய்தால் செலவு. பிளாஸ்டிக் நூலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நறுக்கிப் பொடியாக்கி மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். பசை தடவிய துணி அடியில் ஓடும். மேலே சல்லடையிலிருந்து பொடி கொட்டும். நடுவில் மின்சாரம். நாயைக் கண்ட பூனையின் மயிர்போல ஒவ்வொரு பொடியும் சிலிர்த்துக்கொண்டு பசையில் போய்க் குத்தி நிற்கும். அப்படியே சூளைக்குள் போய் வெளியே வந்தால் வெல்வெட். மோதிரப் பெட்டிக்குள் மோதிரம் படுத்திருக்கும் மெத்தை அதுதான். மோதிரம் வாங்குகிறவர்கள் மோதிரத்தைத்தான் பார்ப்பார்கள்.

வெளிக்காற்று கொஞ்சம் அடித்தாலும் நிற்கிற பொடி சாய்ந்துவிடும். அதனால்தான் சன்னலுக்குத் திருகாணி. ஒரு நாள் நீலம் ஓடும், ஒரு நாள் பச்சை, பண்டிகைக்கு முன்னால் வாரக்கணக்கில் கருஞ்சிவப்பு. என் புருஷன் தலையணையைப் பார்த்தே இன்று என்ன நிறம் ஓடியது என்று சொல்லிவிடுவான். மதியம் ஆளுக்கு ஒரு கப் தயிர் தருவார்கள். பொடியைத் தயிர் கழுவிக்கொண்டு போய்விடும் என்பது முதலாளியின் மருத்துவம்.

முதலாளி கராஜோவ் ஒரு காலத்தில் பழைய ஜெர்மன் கார்களை வாங்கிப் பெயிண்ட் அடித்து விற்றுக்கொண்டிருந்தவர். அரசாங்கத்தின் நெசவாலை அடிமாட்டு விலைக்கு வந்தபோது வாங்கினார். தறிகளை இரும்புக்கு எடைபோட்டுத் தள்ளிவிட்டு இந்த எந்திரங்களைக் கொண்டுவந்தார். கார் விற்ற காலத்தில் துருவின்மேல் பெயிண்ட் அடித்த கை அவ்வளவு சுலபத்தில் சும்மா இருக்குமா? கடலில் மிதக்கும் பாட்டில்களைப் பொறுக்கி உருக்கி நூலாக்குகிற ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, ஆலையின் பெயரை 'பச்சை வெல்வெட்' என்று மாற்றினார். வாசல் சுவரில் பெரிய ஆமைப் படம் ஒன்று வந்தது. 'எங்களால் இவன் நிம்மதியாக நீந்துகிறான்' என்று அதன் கீழே எழுதியிருந்தார்கள். ஆமையின் வயிற்றிலிருந்து எடுத்ததை எங்கள் நெஞ்சில் கொட்டுகிறார்கள் என்பதை எழுதச் சுவரில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

என் எந்திரத்தில் எனக்கு எதிர்ப்பக்கம் நின்றவன் யான்கோ. உயரமானவன், ஒல்லி. அவன் நடந்து யாரும் பார்த்ததில்லை, ஓட்டம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் துன்ஜா ஆற்றங்கரைக் கிராமங்களின் கால்பந்து ஆட்டங்களுக்கு அவன்தான் நடுவர். கறுப்புச் சட்டை, கழுத்தில் விசில். ரெண்டு ஊர்க்காரனும் ஒரே குரலில் திட்டுகிற ஒரே மனிதன் என்று அவன் மனைவி செவ்தா பெருமையோடு சொல்வாள்.

பிப்ரவரிக் கடைசியில் மேல்கிராமத்துக்கும் கீழ்க்கிராமத்துக்கும் ஆட்டம். நானும் போயிருந்தேன். இரண்டாம் பாதியில் யான்கோ பந்தைத் துரத்தி ஓடியவன் மெல்ல நடந்தான். பிறகு மைதானத்தின் நடுவே உட்கார்ந்துவிட்டான். சூரியகாந்தி விதையை மென்று துப்பிக்கொண்டிருந்த கூட்டம் கத்தியது.

"டேய் யான்கோ! என்னடா, மாமியார் வீட்டுக்கா வந்திருக்கே, சம்மணம் போட்டுட்டே?"

"காப்பி வேணுமாடா? பால் போட்டா, போடாமலா?"

அவன் விசிலை வாயில் வைத்தான். சத்தம் வரவில்லை. கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது, காற்று வரவில்லை. உதடு ஊதா நிறமாகிவிட்டதைப் பார்த்த பிறகுதான் கூட்டம் வாயை மூடியது. கீழ்க்கிராமத்துக் கோல்கீப்பர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினான்.

ப்ளோவ்திவ் நகரத்துப் பெரிய மருத்துவமனையில் நெஞ்சில் துளை போட்டு, நுரையீரலில் ஒரு சிட்டிகை கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். திரும்பி வந்தவன் ஆலை வாசலில் என்னையும் பசைக்காரர் கென்சோவையும் பார்த்ததும் சிரித்தான்.

"நெதாக்கா, என் நெஞ்சுக்குள்ள கருஞ்சிவப்பு ஓடிட்டிருக்காம். அங்க ஒரு டாக்டரம்மா பூதக்கண்ணாடில காட்டினாங்க. நம்ம பொடியேதான். நாலஞ்சு தழும்பு, அதுக்கு நடுவுல குச்சி குச்சியா நிக்குது. என்ன வேலைப்பா பாக்கறேன்னு கேட்டாங்க. சொன்னேன். என் சட்டைக் காலரைப் புரட்டிப் பாத்தாங்க."

"சரியாகிடுமா?"

"தழும்பு தழும்புதானாம். இனிமே அந்தப் பொடிக்குள்ள போகாம இருந்தா, இருக்கற மூச்சாவது மிஞ்சுமாம்."

கென்சோ தொப்பியைக் கழற்றித் தட்டினார். அதிலிருந்தும் பொடி பறந்தது. "வா, மேல போவோம்" என்றார்.

மூன்று பேரும் மாடிக்குப் போனோம். கராஜோவின் அறையில் ஆலை டாக்டர் மின்செவ் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரை இரண்டு நேரத்தில்தான் பார்க்கலாம், காப்பி நேரத்திலும் சம்பளம் வாங்கும் நேரத்திலும். எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"என்ன யான்கோ, ஆட்டத்துல மயங்கி விழுந்துட்டியாமே? எந்த டீம் காசு குடுத்துச்சு?" என்று கேட்டுவிட்டுக் கராஜோவ் தானே சிரித்தார். டாக்டரும் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தோம்.

"மயங்கல முதலாளி, மூச்சு வரல. நெஞ்சைத் துளைச்சுப் பாத்தாங்க. உள்ள நம்ம நூல்பொடி இருக்கு."

மின்செவ் கோப்பையைக் கீழே வைத்தார். "நீ சிகரெட் பிடிப்பியா?"

"நான் ரெஃபரி, டாக்டர்."

"அப்போ மைதானத்துல பக்கத்துல நிக்கறவன் விட்ட புகையா இருக்கும். இங்க பாருப்பா, பிளாஸ்டிக் இன்னிக்கு யாருக்குள்ள இல்ல? தண்ணில இருக்கு, உப்புல இருக்கு, மீன்ல இருக்கு, தாய்ப்பால்லகூட இருக்குங்கறாங்க. எனக்குள்ளயும் இருக்கு, முதலாளிக்குள்ளயும் இருக்கு. இது உலகப் பிரச்சினை. இதுக்கு ஒரு ஆலை என்ன பண்ண முடியும்?"

கென்சோ சாதாரணமாகக் குரலை உயர்த்துகிறவர் இல்லை. அன்றும் உயர்த்தவில்லை. "மழை பெஞ்சா ஊரே நனையும், சரிதான் டாக்டரய்யா. ஆனா எங்க கழுத்தைப் புடிச்சு ஆத்துக்குள்ள அமுக்கிட்டு, 'ஊரெல்லாம் ஈரம்தானே'ன்னு சொன்னா எப்படி?"

டாக்டர் காப்பிக்குள் எதையோ தேடினார்.

நான் கேட்டேன். "பொடியை இழுத்துக்கற உறிஞ்சு எந்திரம் வைங்க. கம்ப்ரசர் வெச்சு ஊதறதை நிறுத்துங்க. எங்க எல்லாரையும் ப்ளோவ்திவுக்கு அனுப்பி நெஞ்சைப் பாருங்க. இவனுக்குப் பொடி இல்லாத வேலை குடுங்க."

"அந்த எந்திரம் வாங்கற காசுக்கு இன்னொரு ஆலையே வாங்கிடலாம்மா."

"வாங்கி, அங்கயும் சன்னலுக்குத் திருகாணி போடுவீங்க" என்றார் கென்சோ.

கராஜோவின் கழுத்து சிவந்தது. "தினம் தினம் தயிர் குடுக்கறேன்ல? அது யாரு அப்பன் வீட்டுத் தயிரு?"

"தயிர் வயித்துக்குப் போகுது, பொடி நெஞ்சுக்குப் போகுது" என்றேன். "ரெண்டும் எந்த பஸ் ஸ்டாண்டுல சந்திச்சுக்கும் முதலாளி?"

அவர் என்னை விட்டுவிட்டு யான்கோ பக்கம் திரும்பினார். குரல் திடீரென்று சர்க்கரையானது. பழைய காரை விற்கும்போது இந்தக் குரலில்தான் பேசியிருப்பார். "யான்கோ, நீ நல்ல பையன். கேட்டுல வாட்ச்மேனா உக்காரு. வெயில்ல உக்காந்து சம்பளம் வாங்கு. ஒண்ணே ஒண்ணுதான். யாராவது கேட்டா, சின்ன வயசுலேர்ந்தே ஆஸ்துமான்னு சொல்லிடு."

யான்கோவுக்குப் பதில் சொல்ல நேரம் பிடித்தது. கோபத்துக்கும் மூச்சு வேண்டியிருக்கிறது. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"முதலாளி, மேல்கிராமத்துக்காரன் எனக்கு ஆட்டுக்குட்டி குடுத்துப் பாத்தான். கீழ்க்கிராமத்துக்காரன் ஒரு பீப்பா ராக்கியாச் சாராயம் குடுத்தான். ரெண்டையும் திருப்பி அனுப்பினேன். ஆனா ஒண்ணு, இவ்ளோ மட்டமா யாரும் என்னை விலை பேசினதில்ல."

அன்று மாலையே அவனை வேலைக்குத் தகுதியில்லாதவன் என்று வெளியே அனுப்பினார்கள். தகுதியை யார் தின்றது என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் கராஜோவ் கூடத்துக்குள் வந்து ஒரு மூட்டைமேல் ஏறி நின்று பேசினார். வியன்னாவிலிருந்து பெரிய நகைக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்களாம். நம் வெல்வெட்டைப் படம் எடுத்து உலகத்துக்கே காட்டப்போகிறார்களாம். அன்று விடியற்காலை வழக்கத்தைவிட முன்பாகவே வந்து கூரை விட்டம்வரைக்கும் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும்.

"எல்லாருக்கும் புது முகமூடி தருவேன். அவங்க உள்ள நுழையறப்போ போட்டுக்கணும். பொம்பளைங்க உதட்டுச் சாயத்தைத் துடைச்சுட்டுப் போடுங்க, திருப்பி வாங்கிப் பெட்டில வெச்சுடுவேன். அப்புறம், இருமல் இருக்கறவங்க அன்னிக்குப் பின்னாடி கிடங்குல இருந்துக்கங்க."

யாரோ இருமினார்கள். பிறகு இன்னொருவர். அடக்கப் பார்த்தவர்களுக்கும் வந்தது. அவர் மூட்டையிலிருந்து இறங்கிப் போகும்வரை கூடம் முழுக்க இருமிக்கொண்டிருந்தது. அவர் சொன்னபடி செய்தால் கிடங்கு போதாது, ஆற்றங்கரையில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் யாரும் தயிர்க் கப்பைத் தொடவில்லை. கென்சோதான் ஆரம்பித்தார். "அன்னிக்குக் குழாயை யாரும் தொடக்கூடாது. சண்டை வேணாம், கத்த வேணாம். தொடக்கூடாது, அவ்ளோதான்."

ரோஸ்கா கையைப் பிசைந்தாள். புதிதாகக் கல்யாணம் ஆனவள், அடுக்குமாடியில் ஒரு வீடு கடனில் வாங்கியிருந்தாள். "நாம தொடலைன்னா மதிய ஷிப்டுக்காரங்க தொடுவாங்க அண்ணே. அந்தக் கியூர்கா கும்பல் நமக்காக நிக்குமா? குப்பைய விட்டுட்டுப் போறோம்னு தினம் நம்மகூடச் சண்டை போடறவங்க."

"போடறது நாமளும்தானே" என்றேன்.

"அவங்க ஊர்கள்ல வேற வேலையே இல்லக்கா. ஓடி வருவாங்க."

கென்சோ, மதிய ஷிப்டின் பசைக்காரனிடம் சொல்லி வைத்திருப்பதாகவும் அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை இல்லை என்றும் சொல்லவில்லை என்றும் சொன்னார். கடைசியில் ரோஸ்கா, "எனக்குக் காலைல எந்திரிச்சதும் நெஞ்சுல யாரோ உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. பயம்தான் போலன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள். அதற்குப் பிறகு யாரும் வாதம் செய்யவில்லை.

அந்த நாள் வந்தது. முந்தின இரவு ஓடியது கருஞ்சிவப்பு. எந்திரங்கள் ரோமம் முளைத்த மிருகங்கள்போல நின்றன. விட்டங்களில், மின்கம்பிகளில், விளக்குக் கூண்டுகளில் எல்லாம் பொடி தொங்கியது. நாங்கள் பலகைக் கட்டுகளின்மேல் உட்கார்ந்தோம். காற்றுக்குழாய் ஆணியில் மாட்டியபடியே இருந்தது.

கராஜோவ் புது சூட்டில் வந்தார். மார்ச் பிறந்தால் நோய்நொடி அண்டாமலிருக்க எங்கள் பக்கத்தில் எல்லோரும் அணிகிற சிவப்பு வெள்ளை நூலைக் கோட்டில் குத்தியிருந்தார். கையில் முகமூடிப் பெட்டி. கூடத்தைப் பார்த்ததும் நின்றார்.

"என்ன இது? இன்னிக்கு யாரோட முறை?"

"யாரோட முறையும் இல்ல முதலாளி" என்றார் கென்சோ. "இனிமே ஊத மாட்டோம். உறிஞ்சு எந்திரம் வரட்டும். எல்லார் நெஞ்சையும் பாக்கட்டும். யான்கோவ திருப்பி எடுங்க. அப்புறம் பேசலாம்."

"கார் ஊருக்குள்ள வந்துடுச்சுடா!"

"வரட்டுமே. நல்ல ரோடுதானே."

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மெலிந்த ஆட்டைத் தேடும் ஓநாயின் பார்வை. ரோஸ்காவிடம் வந்து நின்றது. "நீ எந்திரி. குழாயை எடு. உன் வீட்டுக் கடனுக்குச் சம்பளச் சான்று குடுத்தது யாரு?"

ரோஸ்கா எழுந்தாள்.

"நீங்கதான் குடுத்தீங்க முதலாளி" என்றாள். "ஆனா அந்த வீட்டுல இருக்கறதுக்கு நான் உயிரோட வேணும்ல." சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள்.

"சோம்பேறிப் பசங்களா! இந்தப் பஞ்சுக்குப் போய் இவ்ளோ நாடகமா? நானே ஊதறேன்!"

குழாயை ஆணியிலிருந்து பிடுங்கினார். கம்ப்ரசரைப் போடப் போனவர் நின்றார். விட்டத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பெட்டியைத் திறந்து ஒரு முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார். அதன்மேல் இன்னொன்றை மாட்டினார். கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டார்.

தினமும் வெறும் தலைத்துணியோடு ஊதுகிற பெண்கள் எல்லோரும் அந்த இரண்டு முகமூடியைப் பார்த்தோம். தழும்பு, நுரையீரல், துளை என்று ப்ளோவ்திவ் டாக்டரம்மா சொல்லி அனுப்பிய எதுவும் இவ்வளவு தெளிவாக விளங்கவில்லை. இந்த மனிதருக்குத் தெரியும். எப்போதுமே தெரிந்திருக்கிறது.

"ஏன் முதலாளி ரெண்டு?" என்றார் கென்சோ. "உலகப் பிரச்சினைன்னாங்களே!"

"தயிர் குடிச்சுட்டு ஊதுங்க முதலாளி!" என்று பின்னாலிருந்து ஒருத்தி.

சிரிப்பு எங்கே ஆரம்பித்தது என்று தெரியாது. அவர் ஆத்திரத்தில் விசையை அழுத்தினார். ஊதிப் பழகாத கையில் குழாய் பாம்பாக நெளிந்து விட்டத்தை அடித்தது. குளிர்காலம் முழுக்கச் சேர்ந்திருந்த பொடி ஒரே மொத்தமாக அவர் தலையில் இறங்கியது. குழாயைப் போட்டுவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு கதவைத் தேடி ஓடினார். நாங்கள் கம்ப்ரசரை நிறுத்திவிட்டுப் பின்னால் போனோம்.

வெளியே ஆமைப் படத்துக்கு முன்னால் கார் வந்து நின்றிருந்தது. வெளிர் நிறக் கோட்டுப் போட்ட வியன்னா அம்மாள், ஒரு படக்காரன், மொழிபெயர்க்க ஒரு ஆள். அவர்களுக்கு எதிரில் தலையிலிருந்து கால்வரை கருஞ்சிவப்பாகக் கராஜோவ். கை குலுக்கப் போனார். அந்த அம்மாள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

நான் மொழிபெயர்ப்பாளனிடம் போனேன். "இதைச் சொல்லுப்பா. இவர் மேல இருக்கறது எங்க எல்லார் நெஞ்சுக்குள்ளயும் இருக்கு. ஒருத்தன் விசில்கூட ஊத முடியாம வீட்டுல கிடக்கறான். உங்க மோதிரப் பெட்டிக்காகத்தான்."

நான் சொன்னதில் பாதி நீளத்துக்கு அவன் ஏதோ சொன்னான். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள், பரிதாபமாக உதட்டைப் பிதுக்கினாள், பிறகு தன் கோட்டுக் கையைத் தட்டியபடி ஒரு கேள்வி கேட்டாள். இந்தச் சாயம் துவைத்தால் போகுமா என்று கேட்கிறாராம். கூடம் சுத்தமான பிறகு வருகிறார்களாம். கார் திரும்பிப் போய்விட்டது. ரோஸ்கா மட்டும் சாலைத் திருப்பத்தில் அது மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் ஏதோ எதிர்பார்த்திருந்தாள்.

கராஜோவ் மாடிப்படியில் ஏறி நின்று கத்தினார். ஆலையைப் பூட்டிவிடுவாராம். எந்திரங்களை லாரியில் ஏற்றி அல்பேனியாவுக்குக் கொண்டுபோய்விடுவாராம்.

"அங்க இருக்கறவனுக்கும் நெஞ்சு இருக்கும் முதலாளி" என்றார் கென்சோ.

"மதிய ஷிப்டு வரட்டும். அவங்க ஊதுவாங்க. நீங்க யாரும் இனிமே இந்தப் பக்கம் வர வேணாம்."

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. கூடத்திலிருந்து பலகைகளை எடுத்துவந்து முற்றத்தில் போட்டு உட்கார்ந்தோம். ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது. எவ்வளவு நேரம் ஆனாலும் குளிர் விடவில்லை, ஆனால் பொடி இல்லாத காற்று. செய்தி ஊருக்குள் எப்படியோ போயிருக்கிறது. செவ்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, நாலு அடிக்கு ஒருமுறை நின்று நின்று யான்கோ வந்தான். செவ்தா தட்டு நிறைய பாலாடைக்கட்டி வைத்த பனித்சா ரொட்டியைச் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு முகமூடிக் கதையைச் சொன்னபோது அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், நானும் செவ்தாவும் முதுகைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சுற்றிலும் தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் மதிய ஷிப்டு பஸ் வந்தது.

முதலில் இறங்கியவள் கியூர்கா. அகலமான உடம்பு, அதைவிட அகலமான வாய். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"என்னடி நெதா? குப்பைய உள்ள விட்டுட்டு, வெளிய உக்காந்து விருந்தா?"

நான் எழுந்து போய் நடந்ததைச் சொன்னேன். அலங்காரம் இல்லாமல் சொன்னேன். அவள் படியில் நின்ற கராஜோவைப் பார்த்தாள். முகத்தைக் கழுவியிருந்தாலும் காதுக்குள்ளும் புருவத்திலும் இன்னும் கருஞ்சிவப்பு. பிறகு யான்கோவைப் பார்த்தாள். அவன் இன்னும் மூச்சைப் பிடிக்கப் போராடிக்கொண்டிருந்தான்.

"தம்பி, படுத்தா மூச்சு முட்டுதா?" என்று கேட்டாள்.

அவன் ஆமாம் என்று கையைக் காட்டினான்.

கியூர்கா பின்னால் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தாள். அவர்களில் யாரும் தலை நிமிரவில்லை. "எங்க பஸ்ல வர்றவங்கள்ல மூணு பேர் ராத்திரி படுக்க முடியாம உக்காந்துட்டேதான் தூங்கறாங்க" என்றாள் மெதுவாக. "என் புருஷனும் அதுல ஒருத்தன். வெளிய சொன்னா வேலை போயிடும்னு சொல்லல. உங்ககிட்ட சொன்னா சிரிப்பீங்கன்னும் சொல்லல."

"கியூர்கா!" கராஜோவ் மேலிருந்து கூப்பிட்டார். மறுபடியும் அந்தச் சர்க்கரைக் குரல். "வாம்மா, வா. நேரமாகுது. இந்த மாசம் உங்களுக்கெல்லாம் தனியா பாத்துக் குடுக்கறேன்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேசிட்டிருக்கோம்ல முதலாளி. நடுவுல நடுவுல குறுக்க வராதீங்க."

பஸ் ஓட்டுநர் இன்னும் இஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார். யாரையாவது திருப்பி ஏற்றிக்கொண்டு போக வேண்டியிருக்குமோ என்று யோசித்திருப்பார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அணைத்தார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரும் ஆலைக் கதவுப் பக்கம் போகவில்லை. நாளைக்கு என்ன ஆகும் என்று எங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. லாரி வந்தாலும் வரலாம்.

கியூர்கா பலகைக்கு முன்னால் வந்து நின்று, காலணியால் அதன் ஓரத்தைத் தட்டினாள்.

"தள்ளி உக்காருங்கடி" என்றாள். "கால் வலிக்குது."

நாங்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டோம்.